சூடு ஆகாது

இடப்பக்கக் கடைவாய்ப் பல் இரண்டையும் பிடுங்கிவிட்டு
சீட்டில் எழுதித் தந்திருந்தார் பல் டாக்டர்:
பத்து நாள் சூடு ஆகாது,
காரம் ஆகாது,
பேச்சைக் குறைத்தால் நல்லது.
கடைசி வரியை மட்டும்
லிஃப்டில் இரண்டு தடவை படித்தேன்.

இதே வாய்தான்,
ஓட்டலின் குளிர் அடுக்களையில் எனக்கு வேலை கிடைத்த அன்று
'ஆறிப்போன மீனை எவன் தின்பான்,
பூனைக்கா ஆக்கப் போறே' என்றது.
பதினாறு வருஷம்.
பத்து பெரிங்கியில் தினமும் இருநூறு தட்டு.
வெள்ளைக்காரர்கள், சீனக் கல்யாணங்கள்,
வங்கிக்காரர்களின் ஆண்டு விருந்து.
பூனை ஒன்றுகூட வந்ததில்லை.

இன்று லீவு.
ஆயர் ஈத்தாம் சந்தையில் தெங்கிரி
கிலோ ஐம்பத்தெட்டு வெள்ளி.
ஆ ஹெங் வால் பக்கத்தைத் தள்ளிவிடப் பார்த்தான்.
நடுத்துண்டு கேட்டேன்.
'வீட்டுக்கு விருந்தாளியா?'
'புருஷன்.'
தராசில் ஊன்றியிருந்த விரலை
மெல்ல எடுத்துக்கொண்டான்.

இஞ்சியைத் தட்டி, உப்பும் மஞ்சளும் தடவி
ஆவியில் எட்டு நிமிஷம். ஒன்பதானால் பஞ்சு.
அப்புறம் காற்றாடிக்குக் கீழே வைத்துவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான்.
சூட்டோடு பிய்த்தால் மாவாகும்.
சூட்டோடு மூடினால் வேர்த்து நாறும்.
விட்டுவிட்டால்
தானே இதழ் இதழாகக் கழன்று
முள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

உருளைக்கிழங்கும் கேரட்டும்
சுண்டுவிரல் நகம் அளவுக்கு.
பயற்றங்காய் அதைவிடப் பொடியாக.
ஓட்டல் கணக்குக்கு மேல்
இரண்டு நிமிஷம் கூட வேகவிட்டேன்,
அந்த இடப்பக்கத்தை நினைத்து.
வெள்ளரியின் விதையைக் கரண்டியால் வழித்தேன்.
கஸ்தூரி எலுமிச்சை நாலு சொட்டு.
ஐந்தாவது போய்ப் புண்ணில் உட்காரும்.

தாளிப்பு இல்லை, மணம் தெருவுக்குப் போகவில்லை.
அடுப்பை அணைத்த பிறகு தொடங்குகிற சமையல் இது;
பக்கத்து வீட்டு இந்திராணிக்குக்கூடத் தெரியாது
இங்கே ஏதோ நடக்கிறதென்று.

பதினோராவது மாடி.
ஜன்னலில் மலை பாதிதான் இருந்தது, மீதி மேகம்.
அவர் நாற்காலியில்,
ஒரு கன்னம் மட்டும் பாவ் போல உப்பி,
பந்து விளையாட்டைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு.
பல்லுக்கு முன்பே
நாங்கள் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது.
தம்பி சத்தியசீலனுக்கு நான் கொடுத்த மூவாயிரம் வெள்ளி.
இப்போது டாக்டரே எழுதித் தந்துவிட்டார்,
யார் முதலில் வாய் திறப்பது என்ற தொல்லை விட்டது.

ஐஸ் தட்டுக்கும் அவருடைய மருந்துக்கும் நடுவில்
கிண்ணம் மூன்று மணி நேரம் இருந்தது.

முதலில் முகர்ந்தார்.
(பூனை, என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.)
ஒரு கரண்டி. வலப்பக்கமாக ஒதுக்கி
மெதுவாக மென்றார்.
இன்னொன்று.
நாலு நம்பர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில்
'மிளகா?' என்று எழுதி நகர்த்தினார்.
அதன் கீழேயே எழுதினேன்: 'ஆகாது'.

எனக்கென்று வைத்திருந்த கிண்ணம் வேறு.
அதில் புங்கா கந்தான் சீவிப் போட்டு,
சிறு மிளகாய் ஆறு, எலுமிச்சை தாராளமாக.
காலிக் கிண்ணத்தை அவர் சுரண்டும் சத்தம் நின்று
கரண்டி மேசையைக் கடந்து வந்தது.
நான் கிண்ணத்தை இழுக்கவில்லை.
தள்ளிக் கொடுக்கவும் இல்லை.

கண்ணில் நீர் முட்டி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
ஏதோ ஒரு சொல்.
தமயந்தி என்றாரோ
தண்ணி என்றாரோ,
பாதி வாயில் இரண்டும் ஒன்றுதான்.
ஐஸ் எடுக்க எழுந்தேன்.